அறுபத்தாறாம் எண் செய்யாத தவறு

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, தவறு ஏதும் செய்யாத ஒரு பையனின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னேன் என்ற குற்றத்துக்காக, பிரின்டில் உயர்நிலைப் பள்ளித் திடலின் அறிவிப்பாளர் பொறுப்பிலிருந்து நான் நீக்கப்பட்டேன். என் குறை அதுவன்று. எழுபத்து மூன்று வயதில் ஒரு மைக்கை இழப்பது பேரிழப்பாகாது, தொண்டைக்கு நல்லதுங்கூட. அந்தப் பையனின் பெயர் வெண்டல் குரோஸ். அவன் செய்யாத தவற்றை ஊர் முழுவதும் சேர்ந்து அவன்மேல் ஏற்றி வைத்திருக்கிறது. அதனால் அவனுக்குச் சேர வேண்டிய பரிசும், அந்தப் பரிசோடு வரும் கல்லூரி இடமும் வேறொருவனுக்குப் போகவிருக்கின்றன. என் குறை இதுதான்.

எங்கள் ஒஹாயோவில் கால்பந்து என்பது பந்தைக் கையால் எறிந்தும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியும் ஆடப்படும் ஆட்டம். பெயர் பொருந்தவில்லை என்பதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலக்கண வகுப்பில் எடுத்துச் சொன்னேன். மாணவர்கள் நான் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஆடப் போய்விட்டார்கள்.

பந்தை எறிபவனுக்கு முன்னால் ஐந்து பையன்கள் ஒரு வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். பள்ளியிலேயே உடல் பெருத்த ஐவராக அவர்கள் இருப்பது வழக்கம். அவர்கள் பந்தை எறிய மாட்டார்கள், பிடிக்க மாட்டார்கள், கொண்டு ஓடவும் மாட்டார்கள். நடுவில் நிற்பவன் மட்டும் கால்களுக்கிடையே அதைப் பின்னால் கொடுத்துவிடுவான். அதோடு அவனுக்கும் பந்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். எறிபவன்மேல் பாய்ந்து வரும் எதிரணியினரைச் சில விநாடிகள் நெஞ்சைக் கொடுத்து நிறுத்தி வைக்க வேண்டும். அவர்களுடைய வேலை அவ்வளவே. கையால் பற்றி இழுக்கக் கூடாது. இழுத்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார்; அணி பத்துக் கஜம் பின்னால் போக வேண்டும். வேலை செம்மையாக நடந்தால், அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும்.

ஒன்றுமே நடக்காததை எப்படி மதிப்பிடுவது? எங்கள் ஊர் இந்தக் கேள்வியை இதுவரை கேட்டதில்லை.

அறிவிப்பாளன் சொல்லும் வாக்கியங்கள் நான்கே வகை. எறிந்தவர் இன்னார், பிடித்தவர் இன்னார், ஓடியவர் இன்னார், வீழ்த்தியவர் இன்னார். தடுத்தவர் இன்னார் என்று சொல்லும் வழக்கம் இல்லை. வரிசையில் நிற்கும் பையனின் பெயர் ஒலிபெருக்கியில் வர வேண்டுமானால் அதற்கு ஒரே வழி, அவன் விதியை மீறுவது. நடுவர் சைகை காட்டுவார். நான் எண்ணைச் சொல்லிப் பெயரையும் சொல்வேன். பக்கத்து ஊர்களில் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முன்பிருந்த அறிவிப்பாளர் தொழிலால் ஏலம் விடுபவர். எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவர். அவர்தாம் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த நான் அதை மாற்றவில்லை.

இந்த ஆண்டு அதிகம் ஒலித்த பெயர் டிராய் பெக்மன். வரிசையின் வலக்கோடியில் நிற்பவன். பாய்ந்து வருகிறவனைத் தரையில் புரட்டி, அவன்மேல் தானும் விழுந்து, எழுந்து நின்று கைகளை விரிப்பான். புரட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் பயிற்சியாளர் அவன் தலைக்கவசத்தில் ஒரு சுத்தியல் படத்தை ஒட்டுவார். புரட்டாத நேரங்களில் அவன் பற்றி இழுப்பான். அப்போது நான் அவன் பெயரைச் சொல்வேன். ஆகவே அவனை அறியாதவர் ஊரில் இல்லை.

அவனுக்கு உட்புறமாக, ஒரு கை தள்ளி நிற்பவன் வெண்டல் குரோஸ். எண் அறுபத்தாறு. நான்கு ஆண்டுகள் ஆடியவன். அவன் பெயரை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஆண்டின் சிறந்த வரிசை ஆட்டக்காரனின் பெயரை உடைமாற்றும் கட்டடத்தின் செங்கல் சுவரில் வெள்ளை வண்ணத்தால் எழுதுவார்கள். லார்ச்மான்ட் கல்லூரிப் பயிற்சியாளர் ஆண்டுதோறும் வந்து, அந்தச் சுவரில் புதிதாக எழுதப்பட்ட பெயருக்கு உரியவனை அழைத்துக்கொண்டு போவார். வெண்டலுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று விருப்பம். லார்ச்மான்டில் அது உண்டு. வேறு எந்தக் கல்லூரியும் அவனைத் தேடி வரவில்லை. சுவரில் பெயர் ஏறாவிட்டால், பள்ளி முடிந்ததும் அவன் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்வான்.

பெயரைத் தேர்ந்தெடுப்பது ஆதரவாளர் குழு. தலைவர் கார்ல் வீஸ்னர், கால்நடைத் தீவன வணிகர், என் பழைய மாணவர். செயலர் டாட் ஹெம்கர், வங்கியில் பணி. மற்ற இருவரும் கார்லின் கை உயர்ந்த பிறகு தங்கள் கைகளை உயர்த்துபவர்கள். அறிவிப்பாளன் என்ற முறையில் நான் ஐந்தாம் உறுப்பினன். கடைசி ஆட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை, கார்லின் கடைப் பின்னறையில், நாய்த் தீவன மூட்டைகளுக்கு நடுவே கூடினோம்.

"இந்த வருஷம் யோசிக்கவே வேணாம். பெக்மன். எழுதிக்கோ டாட்," என்றார் கார்ல்.

"எழுதியாச்சு. காபி யாருக்கு வேணும்?"

"நான் வெண்டல் குரோஸை முன்மொழியறேன்," என்றேன்.

"யாரு?"

"வெண்டல் குரோஸ். அறுபத்தாறு. பெக்மனுக்குப் பக்கத்துல நிக்கிறவன்."

"ஸ்கூல் பஸ் ஓட்டுற ஜோனியோட மகனா? அவன் ஆடறானா என்ன?"

"நாலு வருஷமா ஆடறான்."

"சார், ஒன்பது ஆட்டத்தையும் பாத்திருக்கேன். ஒரு தடவகூட அந்தப் பேரு காதுல விழலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எதை?"

"காதுல விழலைங்கறதை."

கார்ல் டாட்டைப் பார்த்தார். டாட் காபியைப் பார்த்தார்.

"சார், பெக்மன் ஒரே ஆட்டத்துல ஆறு பேரப் பொரட்டிப் போட்டான். ஹெல்மெட்ல ஸ்டிக்கர் ஒட்ட எடமில்ல. உங்க ஆளு ஹெல்மெட்டப் பாருங்க, இப்பதான் கடைல இருந்து பிரிச்ச மாதிரி பளபளன்னு இருக்கு."

"பெக்மன் ஒருத்தன்மேல விழுந்து கிடக்கும்போது பக்கத்துல வழி தொறந்து போகுது. அந்த வழியா இன்னொருத்தன் வர்றான். அவனை யார் நிறுத்தறாங்க?"

"யாரு?"

"அதைத்தான் கேக்கறேன்."

"அய்யோ, பரீட்சை வெக்காதீங்க சார். நான் ஸ்கூல் முடிச்சு முப்பது வருஷமாச்சு. அப்பவே எனக்கு வரல."

"அப்ப வரலைங்கறது எனக்கும் நினைவிருக்கு."

டாட் சிரித்தார். கார்ல் சிரிக்கவில்லை. இது கூட்டத்துக்கு உதவவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"சரி, ஒண்ணு செய்வோம்," என்றார் கார்ல். "வெள்ளிக்கிழமை மில்ஃபீல்ட்கூட கடைசி ஆட்டம். அதுல ஒரே ஒரு தடவ அவன் பேரு எங்க காதுல விழட்டும். விழுந்தா உக்காந்து பேசுவோம். இல்லேன்னா பெக்மன். சரியா?"

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதை வேடிக்கைக்காகச் சொன்னதாகக் கார்ல் பின்னர் தெரிவித்தார். அன்று எழுதப்பட்ட தீர்மானத்தில் வேடிக்கை என்ற குறிப்பு இல்லை.

நான்கு நாட்கள் யோசித்தேன். அறிவிப்பாளன் நடுநிலை தவறக் கூடாது; நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆகவே பொருத்தமான தருணம் வாய்த்தால் சொல்வதற்காக ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டேன். அதில் மிகை இல்லை, புகழ்ச்சி இல்லை, உவமை இல்லை. எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று இயைந்தன.

ஆட்டத்தன்று லேசான தூறல். அறிவிப்பறையில் என் பக்கத்தில் லொரெய்ன் டீட்ஸ் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். முன்னாளில் ஷெரீஃப் அலுவலகத்தில் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொன்னவர். திடலில் யார் எங்கே ஓடுகிறார் என்பதை அவர் சொல்ல, நான் அறிவிப்பேன். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் நாங்கள் பதினேழு புள்ளி, மில்ஃபீல்ட் பதினான்கு.

அப்போது அந்தத் தருணம் வந்தது. மில்ஃபீல்ட் பையன்கள் இருவர் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கே மாறி ஓடி வந்தார்கள். பெக்மன் தன் ஆளை விரட்டிப் புரட்டி அவன்மேல் படுத்தான். மற்றவன் திறந்த வழியில் நுழைந்தான். வெண்டல் தன் முன்னால் இருந்தவனை இடது தோளால் நடுவில் நிற்பவன் பக்கம் தள்ளிக் கொடுத்துவிட்டு, ஓரடி வலப்புறம் வைத்து, நுழைந்தவனுக்கு எதிரே நெஞ்சைக் கொடுத்து நின்றான். அவன் கைகள் உள்ளுக்குள்ளேயே இருந்தன, எதையும் பற்றவில்லை. பின்னால் எங்கள் எறிபவன் ரீட் ஆல்பர்ஸ் நிதானமாகப் பந்தை ஓங்கி எறிந்தான். எங்கள் அணியின் நோவாக் அதைப் பிடித்து எல்லைக்கு அருகில் விழுந்தான்.

நான் மைக்கை அருகில் இழுத்துச் சொன்னேன்: "எறிந்தவர் ஆல்பர்ஸ். பிடித்தவர் நோவாக். எதிரணியினர் இருவரைத் தனியாகத் தடுத்து நிறுத்தியவர், எண் அறுபத்தாறு, வெண்டல் குரோஸ்."

எங்கள் பக்கத்து இருக்கைகளிலிருந்து ஒரே குரலாக "அடச்சே!" என்று எழுந்தது. எதிர்ப்பக்கம் கைதட்டியது.

யாரும் தவறாகக் கேட்கவில்லை. நான் தெளிவாகச் சொன்னேன். அவர்களும் தெளிவாகவே கேட்டார்கள். ஆனால் வரிசைப் பையனின் பெயர் வந்தால் அவன் தவறு செய்துவிட்டான் என்று எண்ணுவது இந்த ஊரின் நெடுநாள் பழக்கம். பழக்கம் பயனிலை வரும்வரை காத்திருப்பதில்லை.

தலைமை நடுவர் மஞ்சள் துணியைத் தேடிப் புல்லில் பார்த்தார். துணி இல்லை. மற்ற நடுவர்களைப் பார்த்தார். நால்வரும் தங்கள் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துத் துணி அங்கேயே இருப்பதை உறுதி செய்துகொண்டார்கள். பிறகு ஐவரும் கூடிப் பேசினார்கள். இதற்கிடையில் வெண்டல் குரோஸ் கையைத் தூக்கினான். என்ன தவறு செய்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லப்பட்டதால் தூக்கினான்.

தலைமை நடுவர் இரு கைகளையும் குறுக்கே வீசி, விதிமீறல் இல்லை என்று காட்டினார். அதை யாரும் பார்க்கவில்லை. பயிற்சியாளர் டேல் ரம்ஃபோர்ட் வெண்டலைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, ஒல்லியான ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையனை உள்ளே அனுப்பியிருந்தார்.

"யோவ் ட்ரெஸ்லர், என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்றார் லொரெய்ன்.

"நடந்ததைச் சொன்னேன்."

"நடந்தத யாருய்யா உன்கிட்ட கேட்டா? அந்தப் பையன வெளில உக்கார வெச்சுட்டாங்க பாரு."

"திருத்தம் சொல்றேன்."

"மறுபடியும் அவன் பேரச் சொன்ன, அந்த மைக்க நானே புடுங்கிடுவேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டாம் முறை சொல்லியிருந்தால் அதை இரண்டாவது தவறாகவே எண்ணியிருப்பார்கள். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

அடுத்த முறை பந்து கிளம்பியதும் அந்த இருவரும் மறுபடி குறுக்கே மாறி ஓடினார்கள். பெக்மன் மறுபடி ஒருவனைப் புரட்டினான், ஊர் கைதட்டியது. மற்றவன் திறந்த வழியில் யாரும் தொடாமல் உள்ளே போய் ஆல்பர்ஸை விலாவில் மோதினான். பந்து தரையில் உருண்டது. மில்ஃபீல்ட் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு திடலின் மறுகோடிவரை ஓடினான். பதினேழுக்கு இருபத்தொன்று. அப்படியே ஆட்டமும் முடிந்தது.

ஆனால் அதற்கு முன்பே கார்ல் வீஸ்னர் மூச்சு வாங்க ஏணியில் ஏறி வந்துவிட்டார்.

"சார், மைக்க குடுங்க."

"ஆட்டம் முடியலை கார்ல்."

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சு சார். மரியாதையாத்தான் சொல்றேன். எழுந்திரிங்க."

"நீதானே அவன் பேர் காதுல விழணும்னே?"

"நல்லாவே விழுந்துச்சு! அந்தப் பய பண்ணின ஃபவுல்ல எல்லாமே தலைகீழாப் போச்சு."

"ஃபவுல் இல்லை. நடுவர் கைகாட்டினார்."

"அப்ப நீங்க எதுக்குச் சொன்னீங்க?"

லொரெய்ன் தொலைநோக்கியை உறைக்குள் போட்டு மூடினார். "கார்ல், இந்தக் கேள்விக்கு அவரு பதில் சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சிடும். மைக்க எடுத்துக்கிட்டு ஆட்டத்தப் பாரு," என்றார்.

மீதி ஆட்டத்தைக் கார்லே அறிவித்தார். அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

திங்கட்கிழமை மளிகைக் கடையில், உறைந்த பட்டாணி வைக்கும் பெட்டிக்கு அருகில், வெண்டலின் தாய் ஜோனி குரோஸ் என்னை நிறுத்தினார். பேருந்து ஓட்டுநர்களுக்குரிய பச்சை மேற்சட்டையைப் போட்டிருந்தார். நேரே பள்ளியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"சார், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. என் புள்ள என்ன தப்பு பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை ஜோனி."

"அப்ப ஏன் சார் பேரச் சொன்னீங்க?"

"நல்லா ஆடினான். அதனால சொன்னேன்."

அவர் பெட்டியிலிருந்து ஒரு பட்டாணிப் பையை எடுத்தார். "லைன்ல நிக்கிற பசங்களுக்கு அப்படியெல்லாம் சொல்லுவாங்களா?"

"சொல்றதில்லை."

"பின்ன?"

அவர் பட்டாணிப் பையைக் கையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார், குளிர்ந்திருக்கும்.

"நாலு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பெஞ்ச்ல உக்காந்து ஒரே ஒரு வேண்டுதல்தான் சார். இவன் பேரு வந்துடக் கூடாது. மத்த அம்மாங்க எல்லாம் புள்ள பேரு எப்ப வரும் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் மட்டும் வரக் கூடாது வரக் கூடாதுன்னு உக்காந்திருப்பேன். வரலைன்னா, ஆட்டம் முடிஞ்சதும் போற வழியில ஐஸ்கிரீம் வாங்கித் தருவேன். இம்மாம் பெரிய பையன், சின்னப் புள்ள மாதிரி நிப்பான். அன்னிக்கி வண்டிய நிறுத்தவே இல்ல சார். அவனும் கேக்கல."

"அவன்கிட்ட நான் பேசட்டுமா?"

"பேசி என்ன பண்றது? அந்த ஒரு ஆட்டத்தப் போன்ல திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறான், எங்க தப்பு பண்ணினேன்னு. அதுல பந்துதான் தெரியுது. இவன் தெரியவே இல்ல."

அது உண்மை. எங்கள் பள்ளியின் படக்கருவி திடலின் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கிறது. அதை இயக்குபவர் பந்து போகும் இடத்துக்கெல்லாம் அதைத் திருப்புவார். பந்து கிளம்பிய மறுவிநாடி வரிசை படத்திலிருந்து வெளியேறிவிடும். இந்த ஊர் தன் வரிசையை மதிப்பிடுவது அந்தப் படத்தை வைத்துத்தான்.

மில்ஃபீல்ட் பள்ளியோ எல்லைக் கம்பத்துக்குப் பின்னால் உயரமான கோலில் இன்னொரு கருவியை வைக்கும். அதில் பந்து அவ்வளவாகத் தெரியாது. வரிசை முழுவதும் தெரியும். மறுநாள் அவர்களுடைய வரிசைப் பயிற்சியாளர் ஹேங்க் ஓபிட்ஸைத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் அறுபத்தாறாம் எண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அறுபத்தாறா? அப்பப்பா! வாரம் பூரா அவனப் பத்தித்தான் சார் பேச்சு. அவன் எந்தப் பக்கம் நிக்கிறானோ அந்தப் பக்கம் போகாதீங்கன்னு பசங்ககிட்ட சொல்லியே தொண்ட போச்சு."

"பெக்மனைப் பத்தி என்ன பேசினீங்க?"

"பெக்மன் யாரு?"

"வலது கோடி. எழுபத்து மூணு."

"ஓ, அந்தப் படுத்துக்கிற பையனா? அவன் எங்களுக்கு ரொம்ப வசதி சார். ஒருத்தன அவன்கிட்ட ஒப்படைச்சிட்டா அவனையே கட்டிக்கிட்டுப் படுத்துடுவான். வழி தொறந்துடும். ஆனா அந்த வழியில அறுபத்தாறு வந்து நின்னுக்கும். எத்தன தடவ அனுப்பினாலும் நின்னுக்கும். எங்க பையன் ஒருத்தன் அழுதே போட்டான்."

"கடைசியில உங்களுக்கு வழி கிடைச்சுதே?"

"அவன் வெளில போறதப் பாத்ததும் எங்க பசங்க எல்லாம் ஒரே நேரத்துல என்னத் திரும்பிப் பாத்தானுங்க. நான் தலைய ஆட்டினேன். அவ்வளவுதான். ஆமா, அவன எதுக்கு சார் எடுத்தீங்க? பிரின்டில்காரங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு பஸ்ல பேசிக்கிட்டே வந்தோம்."

"ஒரு பேர் சொன்னாங்க."

"என்னது?"

"ஒண்ணுமில்லை. அந்தப் படத்தைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?"

"ஆட்டந்தான் முடிஞ்சிடுச்சே. தாராளமா."

படத்தை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு குரோஸ் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் வைத்து ஓட்டினேன். வெண்டல் தான் தடுத்த பகுதியை ஒருமுறை பார்த்தான். கைகள் உள்ளேயே இருந்ததைப் பார்த்ததும் அவன் தோள்கள் இறங்கின.

"அப்ப நான் புடிக்கல."

"பிடிக்கலை."

"சரி."

அவன் இல்லாத அடுத்த பகுதியையும் கேட்டு வாங்கிப் பார்த்தான். பெக்மன் படுத்ததையும், வழி திறந்ததையும், ஒல்லிப் பையன் எங்கே போவது என்று தெரியாமல் நின்றதையும் பார்த்தான். "அவனுக்கு நான் முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும்," என்றான். திடலிலேயே இல்லாத நேரத்தில் நடந்ததற்கும் பொறுப்பேற்கும் ஒருவனை நான் என் ஆசிரியப் பணியில் கண்டதில்லை.

"இத வெச்சு நான் எழுதப்போறேன். உன் பேரைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"அறுபத்தாறுன்னு போட்டாப் போதாதா சார்?"

"போதாது," என்றார் ஜோனி, அடுப்படியிலிருந்து. "அன்னிக்கி முழுப் பேரையும் சொன்னாருல்ல? முழுப் பேரையும் போடட்டும்."

நவம்பர் 4-ஆம் நாள் குழு மறுபடி கூடியது. மைக்கோடு உறுப்பினர் பதவியும் போய்விட்டதால், நான் பார்வையாளனாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். விதிமீறல் பதிவாகவில்லை என்ற நடுவர் அறிக்கையை எடுத்து வைத்தேன்.

"ரெஃப்ரி அஞ்சு பேரு சார்," என்றார் கார்ல். "கேட்டது ஆயிரம் பேரு."

"கேட்டவங்க யாரும் பார்க்கலை. பார்த்தவங்க அஞ்சு பேர்தான். அதோட, படம் இருக்கு."

"மில்ஃபீல்ட்காரன் எடுத்த படம். நம்ம சுவத்துல யாரு பேர எழுதறதுன்னு அவன் சொல்லணுமா?"

"அவங்களுக்கு நம்மைக் கெடுக்கறதுதான் வேலை. தங்களை யார் தடுத்தாங்கன்னு அவங்களைவிட வேற யாருக்குத் தெரியும்?"

"அப்படியே இருக்கட்டும். நம்ம ஊர்ல யாராவது குரோஸ் குரோஸ்னு கேக்கறாங்களா? நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க. நீங்க, தப்பா எடுத்துக்காதீங்க, எப்பவுமே எதையாவது திருத்திக்கிட்டே இருப்பீங்க."

"ஒரு தடவ பாத்துட்டாத்தான் என்ன, கார்ல்?" என்றார் டாட். "ரெண்டு நிமிஷப் படம். நீ செல்லுல பாக்கிற மீன் புடிக்கிற வீடியோவவிடச் சின்னது."

கார்ல் நெற்றியைத் தேய்த்தார். முடிவில் ஒரு தீர்மானம் ஆயிற்று. நவம்பர் 14-ஆம் நாள், வியாழக்கிழமை மாலை, பள்ளி உணவுக்கூடத்தில், பொதுமக்கள் முன்னிலையில் படம் ஓட்டப்படும். குழுவைத் தவிர்த்து ஊர்க்காரர் எவரேனும் எழுந்து அவனைப் பற்றிக் கேட்டால், வெண்டல் குரோஸின் பெயர் வாக்கெடுப்புக்கு வரும். எவரும் கேட்காவிட்டால், மறுநாள் காலையில் சுவரில் பெக்மனின் பெயர் எழுதப்படும். இதுவும் வேடிக்கையா என்று கார்லைக் கேட்டேன். இல்லை என்று சொன்னார். அப்படியே எழுதிக்கொள்ளச் செய்தேன்.

நான் எழுந்து கேட்டால் பயன் இல்லை. நான் எழுந்து கேட்பது இந்த ஊருக்குப் புதிதன்று. ஜோனி எழுந்தால் தாய்ப் பாசம் என்பார்கள். லொரெய்ன் எழுவதாகச் சொன்னார். ஆனால் அவர் என்னோடு அறிவிப்பறையில் இருந்தவர் என்று தள்ளிவிடுவார்கள்.

ஆகவே, இதைப் படிப்பவரே, நீங்கள் வாருங்கள். அன்று தூறலில் உட்கார்ந்து அந்தப் பெயரைக் கேட்டு "அடச்சே" என்று சொன்னவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கக்கூடும். இருந்தால் கட்டாயம் வாருங்கள். படம் ஓடும்போது பந்து எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். நோவாக் அதைப் பிடித்துவிட்டான், அதற்கு இனி உங்கள் உதவி தேவையில்லை. வலக்கோடியிலிருந்து இரண்டாவதாக நிற்பவனை மட்டும் பாருங்கள். முதல் முறை அவன் நிற்பதைப் பாருங்கள்; இரண்டாம் முறை அவன் நிற்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். விளக்கு எரிந்ததும் எழுந்து, கார்ல் வீஸ்னரை நேராகப் பார்த்து, வெண்டல் குரோஸ் செய்த தவறு என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.